ஸ்பிளிட்டிலிருந்து ஒரு வாரப் பாய்மரப் பயணம்: இரண்டு இரவு எந்தத் துறைமுக ஊரில் தங்குவது?

குரோவேஷியாவின் டால்மேஷியக் கரையில், ஸ்பிளிட் நகரத்திலிருந்து கிளம்பி, குடும்பத்தோடு ஒரு வாரம் பாய்மரப் படகு எடுக்கலாமா என்று யார் கேட்டாலும் தயங்காமல் "எடுங்கள்" என்றுதான் சொல்வேன். அதற்கு அடுத்த கேள்விதான் கஷ்டம். நடுவில் ஏதாவது ஒரு பழைய ஊரில் இரண்டு இரவு படகைக் கட்டிப்போட வேண்டும். பிள்ளைகள் ஓடி விளையாட வேண்டும், துணி துவைக்க வேண்டும், பெரியவர்கள் ஆடாத தரையில் கொஞ்சம் நடக்க வேண்டும், ஊரையும் பார்க்க வேண்டும். அதற்கு எந்த ஊர்? ஹ்வாரா, கோர்ச்சுலாவா, ஸ்டாரி கிராடா, ட்ரோகிரா?

நாங்கள் ஐந்து பேர். நான், மனைவி, 12 வயது மகள், 7 வயது மகன், 68 வயது அம்மா. இரண்டு கோடைகளில் இரண்டு முறை போயிருக்கிறோம். முதல் முறை ஊரின் பேரையும் புகைப்படங்களையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். இரண்டாம் முறை காற்றையும் அம்மாவின் முழங்காலையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். இரண்டுக்கும் இருந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு வார வாடகை என்றால் பெரும்பாலும் சனிக்கிழமை மாலை 5 மணி வாக்கில் படகு கைக்கு வரும். சாமான் ஏற்றி, படகைச் சரிபார்த்து முடிப்பதற்குள் இருட்டிவிடும். அந்த இரவு கிளம்பிய இடத்திலேயே கழியும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் திரும்பி வந்துவிட வேண்டும். சனி காலையில் இறங்கிக்கொள்ள வேண்டும். ஆக ஏழு இரவு என்று பேர்தானே தவிர, உண்மையில் நம் கையில் இருப்பது ஞாயிறு முதல் வியாழன் வரை ஐந்து இரவு. அதில் இரண்டை ஒரே ஊருக்குக் கொடுத்தால் மீதி மூன்று. எல்லா ஊரையும் தொட்டுவிட்டு வரலாம் என்ற ஆசையை இந்த இடத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

தூரத்தையும் பார்த்துவிடுவோம். ஸ்பிளிட்டிலிருந்து ட்ரோகிர் சுமார் 12 கடல் மைல். ஹ்வார் நகரமும் ஸ்டாரி கிராடும் தலா 23 கடல் மைல் அளவில். கோர்ச்சுலா ஹ்வாருக்கு அப்பால் இன்னும் 35 கடல் மைல் தள்ளி இருக்கிறது. வாடகைக்குக் கிடைக்கும் 40 அடிப் படகு மணிக்கு 5 கடல் மைல் போகும் என்று வைத்துக்கொண்டால், முதல் மூன்று ஊருக்கும் ஒரே நாளில் போய்ச் சேரலாம். கோர்ச்சுலாவுக்குப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள்.

இதில் காற்றைச் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும். கோடையில் இந்தக் கரையில் வழக்கமாக வீசுவது மயிஸ்ட்ரல் என்கிற வடமேற்குக் காற்று. வெயிலில் தரை சூடாகச் சூடாகக் கடலிலிருந்து இழுக்கப்படும் காற்று அது. காலை பத்து, பதினொரு மணிக்கு லேசாகத் தொடங்கும், பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு நன்றாக வீசும், பொழுது சாயும்போது அடங்கிவிடும். அம்மா தூத்துக்குடிக்காரர். கச்சான், வாடை என்கிற காற்றெல்லாம் அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரியும். இரண்டாம் நாளே சொல்லிவிட்டார்: "மத்தியானம் எழும்புது, சாயங்காலம் படுத்துருது. இது கடக்காத்துதானப்பா, இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பேரு?" அவர் சொன்னது சரி. ஆனால் இந்தக் கடற்காற்றுக்குத் திசை உண்டு. தென்கிழக்கே போகும்போது முதுகில் வந்து தள்ளும். வடமேற்கே திரும்பும்போது முகத்தில் வந்து அறையும்.

இன்னும் இரண்டு காற்றின் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும். தென்கிழக்கிலிருந்து வருவது யூகோ. ஒன்றிரண்டு நாள் எடுத்து மெல்ல மெல்லப் பலமாகி, மேகமும் மழையும் பெரிய அலையும் கொண்டுவரும். வடகிழக்கில் மலையிலிருந்து இறங்குவது பூரா. இது குளிர்காலத்தில்தான் அதிகம், ஆனால் கோடையிலும் எப்போதாவது எட்டிப்பார்க்கும். திடீரென்று வெட்டி வெட்டி அடிக்கும் காற்று என்பதால் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு துறைமுகம் எந்தப் பக்கம் வாய் திறந்திருக்கிறது, அந்தப் பக்கத்திலிருந்து எந்தக் காற்று வரும் என்பதுதான் ராத்திரித் தூக்கத்தைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு ஊரையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கப் போகிறேன்.

ஹ்வார்: பகலில் பாருங்கள், இரவில் வேண்டாம்

அழகில் ஹ்வாருக்குக் குறை சொல்ல முடியாது. துறைமுகத்தின் முனையிலிருந்து உள்ளே நீளும் பெரிய சதுக்கம், கடைசியில் தேவாலயம், மலைமேல் கோட்டை, நீரோரத்தில் வெனிஸ்காரர்கள் தங்கள் போர்ப் படகுகளைப் பழுதுபார்க்கக் கட்டிய ஆர்சனல். அந்த ஆர்சனலின் மாடியில் 1612-இல் ஒரு நாடக அரங்கு திறந்தார்கள். ஊர் மக்கள் எல்லாரும் வந்து உட்காரும்படி ஐரோப்பாவில் முதலில் தொடங்கப்பட்ட அரங்குகளில் அதுவும் ஒன்று. கீழே படகுப் பழுது, மேலே நாடகம் என்று ஒரே கட்டடத்தில் இரண்டையும் வைத்த ஊரை யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் குடும்பத்தோடு படகில் தூங்குவதற்கு அது சரிப்படாது. துறைமுகம் தெற்கையும் தென்மேற்கையும் பார்த்துத் திறந்திருக்கிறது. யூகோ வந்தால் உள்ளே அலை ஆடும். காற்றே இல்லாத நாளிலும் டாக்ஸி படகுகள் ஓயாமல் போய்வருகின்றன. முதல் பயணத்தில் மாலை மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கரையில் இடம் நிரம்பியிருந்தது. சுற்றிச் சுற்றி வந்து காத்திருந்தபோது ஒவ்வொரு டாக்ஸி படகும் எழுப்பிய அலையில் அடுப்பிலிருந்த பருப்புப் பாத்திரம் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. மகன் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அம்மாவின் சேலையைப் பிடித்திருந்தான். கடைசியில் திரும்பி, எதிரே இருக்கும் பாக்லெனித் தீவுகளில் பால்மிஷானா மரினாவுக்குப் போனோம் (மரினா என்றால் இங்கே கடற்கரை இல்லை, பாய்மரப் படகுகளைக் கட்டிவைக்கும் துறை). அங்கே நல்ல பாதுகாப்பு உண்டு, ஹ்வாருக்கு டாக்ஸி படகும் கிடைக்கும். ஆனால் ஐந்து பேர் போக ஒரு முறை, வர ஒரு முறை என்று பணம் கரையும். இரவு பத்து மணிக்கு அம்மாவை ஒரு சின்னப் படகிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி ஏற்றுவதும் எனக்கு நிம்மதியாக இல்லை. கோடையில் ஊருக்குள் இசையும் கூட்டமும் நள்ளிரவு தாண்டியும் ஓயாது. இளம் நண்பர்கள் கூட்டமாகப் போனால் அதுதான் கொண்டாட்டம். ஏழு வயதுப் பையனைத் தூங்கவைக்க வேண்டியவர்களுக்கு அப்படி இல்லை.

கோர்ச்சுலா: நான்கிலும் சிறந்த ஊர், ஆனால் ஒரு வாரத்துக்குத் தூரம்

எனக்கு நான்கு ஊரிலும் மனதுக்கு மிக நெருக்கமானது கோர்ச்சுலா. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு மேட்டின் மேல் மதில் சூழ்ந்த ஊர். மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும்: நடுவில் முதுகெலும்பாக ஒரு தெரு, இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் சந்துகள். மேற்குப் பக்கச் சந்துகள் நேராக இருக்கின்றன, கோடையின் மயிஸ்ட்ரல் உள்ளே வந்து ஊரைக் குளிர்விக்கட்டும் என்று. கிழக்குப் பக்கச் சந்துகள் வளைந்திருக்கின்றன, குளிர்காலத்துப் பூரா நேரே பாய்ந்து வரக் கூடாது என்று. இதை அங்கே நின்றால் உடம்பே உணரும். பிற்பகல் மூன்று மணிக்கு மேற்குச் சந்து ஒன்றின் வாயில் நின்ற மகளின் தலைமுடி முழுக்கப் பின்னால் பறந்தது. முதுகுத் தெருவைத் தாண்டிக் கிழக்குச் சந்தில் பத்துப் படி இறங்கியதும் அப்படியே அடங்கியது. அவள் நான்கைந்து முறை மாறி மாறி ஓடிப்போய் நின்று பார்த்தாள். காற்றை இவ்வளவு தெரிந்து வைத்துக் கட்டிய ஊரைக் காற்றோடு பயணம் செய்து வந்து பார்ப்பது தனி அனுபவம்தான்.

நமக்கு இன்னொரு ஒட்டுதலும் உண்டு. மார்கோ போலோ பிறந்தது தங்கள் ஊரில்தான் என்று கோர்ச்சுலாக்காரர்கள் சொல்கிறார்கள். அவருடைய வீடு என்று ஒன்றைக் காட்டவும் செய்கிறார்கள். வெனிஸ் இதை ஒப்புக்கொள்வதில்லை, உறுதியான ஆதாரமும் இல்லை. ஆனால் 1298-இல் இந்த ஊருக்கு எதிரே உள்ள கடலில்தான் ஜெனோவாவின் கப்பல்கள் வெனிஸின் கப்பல்களைத் தோற்கடித்தன என்பது வரலாறு. பாண்டியர் காலத்துக் காயல் துறைமுகத்தையும் நம் முத்துக்குளிப்பையும் பற்றிச் சொல்லிவிட்டுப் போனவர் அவர். அந்த வீட்டு வாசலில் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "நம்ம காயலுக்கு வந்தவரா? அப்ப உள்ள போயிட்டே வருவோம்" என்று முழங்கால் வலியை மறந்து படியேறினார்.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் வேண்டாம் என்கிறேன்? போகும்போது ஒன்றும் தெரியாது. மயிஸ்ட்ரல் பின்னாலிருந்து தள்ள, பாயை அகல விரித்து, பாட்டுக் கேட்டுக்கொண்டே போய்விடலாம். பெல்யெஷாட்ஸ் தீபகற்பத்துக்கும் கோர்ச்சுலாத் தீவுக்கும் நடுவே உள்ள கால்வாயில் காற்று இன்னும் குவிந்து வலுக்கும். பாய்ப்பலகை ஓட்டுபவர்கள் அங்கே கூடுவதே அதற்காகத்தான். திரும்பும் நாள்தான் சோதனை. அதே காற்று, அதே கால்வாய், இப்போது எதிரே. படகு ஒவ்வொரு அலையிலும் ஏறி விழுகிறது, உப்புத் தண்ணீர் தலைக்கு மேல் வருகிறது, பிள்ளைகளுக்கு வாந்தி. முதல் பயணத்தில் இரண்டு மணி நேரம் அப்படிப் போராடிவிட்டு பாயை இறக்கி இன்ஜினில் போனோம். வழியில் நீந்துவதற்கு எண்ணி வைத்திருந்த இரண்டு விரிகுடாவையும் விட்டுவிட்டோம். வெள்ளிக்கிழமைக்குள் திரும்ப வேண்டும் என்ற நெருக்கடி இருக்கும்போது காற்று அடங்கட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. வாரத்தின் பாதி அந்த ஊருக்குப் போய்வருவதிலேயே கழிந்துவிட்டது.

பத்து நாளோ இரண்டு வாரமோ கையில் இருந்தால் என் முதல் வாக்கு கோர்ச்சுலாவுக்குத்தான். ஸ்பிளிட்டில் எடுத்து டுப்ரோவ்னிக் பக்கம் விட்டுவிட்டு வரும் ஒருவழி வாடகை கிடைத்தாலும் அப்படியே. கூடுதலாகக் கேட்பார்கள், ஆனால் எதிர்காற்றில் திரும்ப வேண்டியதில்லை. படகை ஊரின் கிழக்குப் பக்கம் உள்ள மரினாவில் கட்டுங்கள். மேற்குப் பக்கத்துத் துறை மயிஸ்ட்ரலுக்கு நேரே திறந்திருப்பது.

ஸ்டாரி கிராட்: என் தேர்வு

ஹ்வார் நகரம் இருக்கும் அதே தீவில், வடக்குப் பக்கம், ஒரு நீண்ட விரிகுடாவின் அடியில் இருக்கிறது ஸ்டாரி கிராட். பேருக்கே பழைய ஊர் என்றுதான் பொருள். கிரேக்கத்தின் பாரோஸ் தீவிலிருந்து வந்தவர்கள் கி.மு. 384-இல் இங்கே குடியேறி ஃபாரோஸ் என்று பெயர் வைத்தார்கள். ஊருக்குப் பின்னால் இருக்கும் சமவெளியை அவர்கள் சுமார் 180 மீட்டருக்கு 900 மீட்டர் அளவுத் துண்டுகளாகப் பிரித்து வரப்புக்குக் கல் அடுக்கினார்கள். 2,400 ஆண்டு கழித்து இன்றும் அதே கோடுகளுக்குள் திராட்சையும் ஒலிவமும் விளைகின்றன. யுனெஸ்கோ 2008-இல் இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பழமை இல்லை இது. சைக்கிளில் நடுவே போகலாம். சமதரை என்பதால் மகனும் சிரமமில்லாமல் மிதித்தான். சுண்ணாம்போ மண்ணோ இல்லாமல் வெறும் கல்மேல் கல்லாக அடுக்கிய வேலி, இடுப்பளவு உயரம். அதன் இடுக்கில் கையை விட்டால் வெயிலில் சூடேறிய கல்லுக்கு அடியில் குளிர்ச்சி.

ஊருக்குள் ட்வர்தால் என்று ஒரு கோட்டைவீடு இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் பேத்தர் ஹெக்டொரோவிச் என்ற கவிஞர் கட்டியது. நடுமுற்றத்தில் கடல்நீர் வந்துபோகும் மீன்குளம், சுற்றிலும் தாழ்வாரம், சுவர்களில் கல்லில் வெட்டிய வாசகங்கள். இவர் ஒருமுறை இரண்டு மீனவர்களோடு மூன்று நாள் படகில் ப்ராச், ஷோல்டா தீவுகள் வரை போய்வந்தார். அவர்கள் பிடித்த மீன், சொன்ன விடுகதை, பாடிய பாட்டு எல்லாவற்றையும் கவிதையாக எழுதி வைத்தார். அது 1568-இல் வெனிஸில் அச்சானது. நாமும் அதே நீரில்தான் போகிறோம். குளத்து ஓரக் கல்லில் அம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கூட்டிப்போக வந்தபோது, "இந்த ஊருக்கு வந்ததுக்கு இந்தத் திண்ணை போதும்டா" என்றார். குளத்தில் மீன்கள் நிழலுக்கு நிழல் நகர்ந்துகொண்டிருந்தன.

இனிப் படகு விஷயம். ஊர்க் கரையிலேயே பின்பக்கமாகக் கட்டலாம். தண்ணீரும் மின்சாரமும் உண்டு. கொஞ்சம் வெளியே, படகைத் தண்ணீரிலேயே கட்டிவைக்கும் மிதவைகளும் இருக்கின்றன, அவை மலிவு. ஆனால் பெரியவர்கள் இருந்தால் கரைதான் சரி, ஏனென்றால் மிதவை என்றால் ஒவ்வொரு முறையும் ரப்பர் படகில் ஏறி இறங்க வேண்டும். கரையில் கட்டினால் ஒரு பலகை போதும். கட்டும் விதம் முதல்முறை போகிறவர்களைப் பயமுறுத்தும், ஆகவே சொல்லிவிடுகிறேன். படகைப் பின்னால் நகர்த்திக் கரையை நெருங்கும்போது கரையிலிருக்கும் பணியாள் ஒரு மெல்லிய கயிற்றை நீட்டுவார். அதன் மறுமுனை கடலடியில் கனமான கல்லோடு பிணைத்த தடித்த கயிற்றோடு சேர்ந்திருக்கும். அதைப் பிடித்து, படகின் ஓரமாகவே முன்பக்கம் வரை நடந்து போய் இறுக்கிக் கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அது மகளின் வேலை. கயிறு முழுக்கப் பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்கும். வெறுங்கையால் பிடித்தால் உள்ளங்கை கிழியும். தோட்ட வேலைக் கையுறை ஒரு ஜோடி கட்டாயம் எடுத்துப் போங்கள்.

குறை இல்லாமல் இல்லை. விரிகுடா மேற்கைப் பார்த்துத் திறந்திருப்பதால் மயிஸ்ட்ரல் பலமாக வீசும் பிற்பகலில் கரையில் கட்டிய படகு ஆடும், சில நாள் நன்றாகவே ஆடும். ஆனால் அது பொழுது சாய்ந்ததும் அடங்கும் காற்று; அந்த நேரத்தில் நாம் ஊருக்குள்ளோ வயல்வெளியிலோ இருப்போம். தூங்கப் போகும்போது தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடக்கும். வடமேற்குக் காற்று இரவிலும் விடாது என்று முன்னறிவிப்பில் இருந்தால் இன்னொரு வழி உண்டு: அதே தீவின் வடக்குக் கரையில் அடுத்த விரிகுடாவில் வ்ர்போஸ்கா. ஓடை மாதிரி உள்ளே ஒடுங்கிப் போகும் இடம், அதில் ஒரு மரினா. கடற்கொள்ளையருக்கும் ஒட்டோமான் படைக்கும் அஞ்சிக் கோட்டை போலவே கட்டிய தேவாலயம் அங்கே பார்க்க வேண்டியது. அங்கிருந்தும் சைக்கிளில் அதே சமவெளிக்கு வந்துவிடலாம். யூகோவுக்கு ஸ்டாரி கிராடே போதும், தீவின் முதுகு மறைத்துக்கொள்ளும்.

ஹ்வாரைப் பார்க்காமல் போகிறோமே என்ற கவலையும் வேண்டாம். ஸ்டாரி கிராடிலிருந்து பேருந்தில் சுமார் அரை மணி. காலையில் போய், கோட்டை ஏறி, ஆர்சனல் பார்த்து, மதிய வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட்டோம். டாக்ஸி படகு அலையும் இடத்துக்கான அடிதடியும் இல்லாத ஹ்வார் எவ்வளவு அருமையான ஊர் என்பது அப்போதுதான் புரிந்தது.

ட்ரோகிர் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பாலத்தால் இணைந்த குட்டித் தீவு ஊர், முழுவதுமே 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ராதோவான் என்ற சிற்பி 1240-இல் செதுக்கிய தேவாலய வாசலை ஒரு மணி நேரம் நின்று பார்க்கலாம். ஆதாம் ஏவாளுக்கு அருகிலேயே பன்றி அடிப்பவனும் திராட்சைக் கொடி வெட்டுபவனும் மாதவாரியாக வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் அது ஸ்பிளிட்டுக்குப் பக்கம், விமான நிலையத்துக்கு இன்னும் பக்கம். இரண்டு இரவை அங்கே கழித்தால் கடலில் வந்த உணர்வே வராது. படகை எடுக்கும் இடமே ட்ரோகிராக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் முதல் இரவிலோ கடைசி இரவிலோ ஊரைப் பார்த்துவிடலாம். விஸ் தீவையும் சிலர் சொல்வார்கள். யூகோஸ்லாவிய ராணுவத் தளமாக இருந்து 1989 வரை வெளிநாட்டவருக்கு மூடியிருந்ததால் இன்னும் அமைதியான இடம். அதற்கு வெளிக்கடலில் ஒரு நீண்ட நாள் போக வேண்டும். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்தபின் நாங்கள் போவோம்.

முடிவு எதுவானாலும் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விஷயம். குரோவேஷியாவில் படகு ஓட்டுபவருக்கு அங்கீகரிக்கப்பட்ட உரிமமும் கடலில் மற்ற படகுகளோடு பேசும் விஎச்எஃப் வானொலிக்கான சான்றிதழும் வேண்டும். இல்லையென்றால் ஓட்டுநரை அமர்த்தலாம். அவருக்கு ஒரு தனி அறையும் சாப்பாடும் நம் பொறுப்பு. ஐந்து பேர் மூன்று அறைப் படகில் நெருக்குவதா, நான்கு அறைப் படகு எடுப்பதா என்பது இதைப் பொறுத்தே மாறும். அப்புறம், பிள்ளைகளின் எடைக்கு ஏற்ற உயிர்காப்பு அங்கியை முன்பே எழுதிக் கேட்டு வையுங்கள். படகில் பொதுவாக இருப்பது பெரியவர்கள் அளவுதான். நாடு 2023 ஜனவரி 1 முதல் யூரோவுக்கும், பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா என்கிற ஷெங்கன் எல்லைக்கும் மாறிவிட்டதால் பணமும் விசாவும் முன்பைவிடச் சுலபம்.

எங்கள் இரண்டாம் பயணத்தின் வரிசை இது: ஞாயிறு ப்ராச் தீவின் தெற்கே போலில் நீச்சல், இரவு அருகிலேயே, திங்கள், செவ்வாய் ஸ்டாரி கிராட், புதன் பாக்லெனித் தீவுகளில் ஒரு விரிகுடாவில் நங்கூரம், வியாழன் ஷோல்டா, வெள்ளி பகலிலேயே திரும்பி, டீசல் நிரப்ப வரிசையில் நிற்க நேரம் வைத்துக்கொண்டோம். ஸ்டாரி கிராடிலிருந்து புதன் காலை ஆறரைக்கே கிளம்பினோம். விரிகுடா முழுவதும் மேற்கே போய்த்தான் வெளியே வர வேண்டும். காற்று எழும்பிவிட்டால் அந்த நீளம் முழுவதும் எதிரே நிற்கும். பிள்ளைகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் சுக்கானைப் பிடித்திருந்தேன். அம்மா பக்கத்தில் காபி டம்ளரோடு உட்கார்ந்து, வாயில் எச்சில் தொட்ட விரலை உயர்த்திப் பார்த்துவிட்டு, "இன்னும் மூணு மணி நேரம் இருக்கு, மெதுவாவே போ" என்றார்.